கையொப்பமிடாத கரங்கள்

ஓர் ஊரில் இரு தெருவாருக்கிடையே மோதல் மூள்கிறது. சில குடிசைகள் எரிகின்றன. சில தலைகள் உடைகின்றன. காவல்துறை வந்து முகாமிடுகிறது. அடுத்த வாரம் கோட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடைபெறுகிறது. இரு தரப்பிலிருந்தும் ஊர்ப் பெரியவர்கள் அழைக்கப்படுகிறார்கள். நீண்ட மேசையின் இருபுறமும் அமர்ந்து, காரசாரமாய்ப் பேசி, மாலையில் ஒரு தாளில் கையொப்பமிட்டு எழுகிறார்கள். கையொப்பமிட்டவர் அனைவரும் ஆண்கள். எரிந்த குடிசையின் சாம்பலை அள்ளியவள், காவலருக்கு அஞ்சி ஆண்கள் ஊரைவிட்டு ஓடிய நாள்களில் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சியவள், மருத்துவமனை வாசலில் இரவெல்லாம் விழித்திருந்தவள், அந்த அறைக்குள் இல்லை. உள்ளே என்ன எழுதப்பட்டது என்பதை, வீடு திரும்பும் கணவன் வாய் திறந்து சொன்னால்தான் அவள் அறிவாள்.

இக்காட்சி நமக்குப் பழகிப்போனது. பழகியதாலேயே அதில் உள்ள அநீதி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. போரின் சுமையைச் சுமப்பதற்குப் பெண் வேண்டும். அமைதியின் விதிகளை வகுப்பதற்கு அவள் வேண்டாம் என்பதே இதன் பொருள். இது நம் ஊர்க் கோட்டாட்சியர் அலுவலகத்தோடு நின்றுவிடும் வழக்கமும் அன்று. 1992 முதல் 2019 வரை உலகில் நடைபெற்ற முக்கியமான அமைதிப் பேச்சுகளைக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் தரும் விவரம் இது: பேச்சு நடத்தியவர்களுள் பெண்கள் சராசரியாக 13 விழுக்காடு, நடுவர்களுள் 6 விழுக்காடு, உடன்பாட்டில் கையொப்பமிட்டவர்களுள் 6 விழுக்காடு. மனுக்குலத்தில் பாதி, கையொப்பத்தில் நூற்றுக்கு ஆறு! வேப்பமரத்தடியில் காத்திருக்கும் நம் ஊர்ப் பெண், உலகமெங்கும் அதே மரத்தடியில்தான் காத்திருக்கிறாள்.

இந்நிலையை மாற்றச் சட்டம் வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று, ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை 1325-ஆம் எண் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. மோதலைத் தடுப்பதிலும், தீர்ப்பதிலும், அமைதியைக் கட்டியெழுப்புவதிலும் பெண்களுக்கு முழுமையான பங்கு வேண்டும் என்றது அத்தீர்மானம். ஆனால் அதில் காலக்கெடு இல்லை. மீறினால் தண்டனை இல்லை. உறுப்பு நாடுகள் ஒவ்வொன்றும் தத்தம் நாட்டில் செயல்திட்டம் வகுத்துக் கொள்ள வேண்டும் என்று பின்னர் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் வகுத்தன. பாரதம் இந்நாள்வரை அத்தகைய தேசியச் செயல்திட்டம் எதனையும் வெளியிடவில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடு ஒருபடி மேலே சென்று, தனிச்சட்டமே இயற்றியது. 2017-ஆம் ஆண்டு அக்டோபர் 6 அன்று அதிபர் டிரம்ப் கையொப்பமிட்ட 'பெண்கள், அமைதி, பாதுகாப்புச் சட்டம்' அது. இரு கட்சியினரும் சேர்ந்து கொணர்ந்த சட்டம் என்பது குறிப்பிடத்தக்கது. மேலவையில் ஜனநாயகக் கட்சியின் ஜீன் ஷஹீன், குடியரசுக் கட்சியின் ஷெல்லி மூர் கேபிட்டோ. கீழவையில் குடியரசுக் கட்சியின் கிறிஸ்டி நோம், ஜனநாயகக் கட்சியின் ஜேன் ஷகோவ்ஸ்கி என நான்கு பெண்கள் அதன் பின்னே நின்றனர். வெளியுறவுத் துறையும் பாதுகாப்புத் துறையும் இப்பொருள் பற்றித் தம் அலுவலர்க்குப் பயிற்சி அளிக்க வேண்டும். அரசு முழுமைக்குமான செயல்நெறி ஒன்று வகுக்கப்பட வேண்டும். என்ன செய்தோம் என்று நாடாளுமன்றத்திற்கு அறிக்கை தர வேண்டும். இவையே சட்டத்தின் சாரம்.

நல்ல சட்டம்தான். அதன் நிறைவேற்றம் எவ்வாறு இருந்தது?

சட்டம் நடைமுறையில் இருந்த காலத்திலேயே, தோஹா நகரில் அமெரிக்காவும் தாலிபானும் பேசத் தொடங்கின. 2020 பிப்ரவரி 29 அன்று உடன்பாடு கையெழுத்தாயிற்று. ஆப்கானிஸ்தானின் எதிர்காலத்தைத் தீர்மானித்த அந்தப் பேச்சில் அந்நாட்டு அரசுக்கே இடமில்லை. அந்நாட்டுப் பெண்களுக்கு எங்கிருந்து இடம் கிடைக்கும்? படைகள் எப்போது வெளியேறும், கைதிகள் எத்தனை பேர் விடுவிக்கப்படுவர் என்றெல்லாம் விரிவாக எழுதப்பட்ட அவ்வுடன்பாட்டில், பெண்களின் உரிமை பற்றி ஒரு சொல்லும் இல்லை. பின்னர், அதே ஆண்டு செப்டம்பரில் ஆப்கானியர் தங்களுக்குள் பேசத் தொடங்கியபோது, அரசுத் தரப்பில் நான்கு பெண்கள் இருந்தனர். தாலிபான் தரப்பில் ஒருவரும் இல்லை. அந்நால்வருள் ஒருவரான ஃபவ்சியா கூஃபி, பேச்சு தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்ச் சுடப்பட்டுக் கையில் காயமுற்றார். கட்டுப்போட்ட கையோடு அவர் மேசைக்கு வந்து அமர்ந்தார். ஆனால் முக்கியமானவை யாவும் அதற்கு முன்பே, அவர் இல்லாத அறையில், முடிவாகிவிட்டிருந்தன.

2021 ஆகஸ்டு 15 அன்று காபூல் வீழ்ந்தது. ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளின் பள்ளிக்கதவு அடைபட்டது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் அடைபட்டது. பெண்களை வெளியே நிறுத்தி எழுதப்பட்ட அமைதி, பெண்களை வெளியே நிறுத்துவதில் போய் முடிந்தது. இதில் வியப்படைய என்ன இருக்கிறது? விதைத்ததே முளைத்தது.

இதைக் காட்டிச் சிலர் நம்மிடம், "பார்த்தீர்களா, சட்டத்தால் என்ன பயன்?" என்று வினவுகின்றனர். சட்டம் வேண்டாம் என்பதற்கு அவர்கள் இதனைச் சான்றாக்குகின்றனர். நாம் இதிலிருந்து வேறொரு பாடம் கற்கிறோம். சட்டத்தில் பயிற்சி இருந்தது, அறிக்கை இருந்தது, செயல்நெறி இருந்தது. ஆனால் பெண்கள் இல்லாத மேசையில் நம் நாட்டுத் தூதர் அமரக்கூடாது என்ற ஒரு வரி அதில் இல்லை. பல்லில்லாத சட்டம் கடிக்கவில்லை என்றால், பல் வைக்க வேண்டுமேயன்றிச் சட்டத்தைக் குப்பையில் எறியச் சொல்வது அறிவாகுமா?

பல்லில்லாத அச்சட்டமும் முற்றிலும் வீணாகிவிடவில்லை என்பதை அண்மைய நிகழ்ச்சி ஒன்று காட்டுகிறது. 2025 ஏப்ரல் இறுதியில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைவர் பீட் ஹெக்ஸெத், தம் துறையில் இத்திட்டத்திற்கு முடிவுகட்டிவிட்டதாகப் பெருமையுடன் அறிவித்தார். இது எதிர்க்கட்சியினரின் திட்டம் என்றும் சாடினார். அச்சட்டத்தில் கையொப்பமிட்டவர் அவருடைய அதிபரே என்பதையும், அதைக் கீழவையில் கொணர்ந்த கிறிஸ்டி நோம் அப்போது அவரோடு அதே அமைச்சரவையில் அமர்ந்திருந்தார் என்பதையும் அவர் மறந்தார் போலும். ஆயினும் அவராலும் முழுமையாகத் துடைத்தெறிய இயலவில்லை. சட்டம் கட்டாயப்படுத்தும் குறைந்த அளவை மட்டும் செய்வோம் என்று அவரே சொல்ல நேர்ந்தது. வெறும் ஆணையாக, வெறும் நல்லெண்ணமாக இருந்திருந்தால், ஒரு காலை நேரத்து அறிவிப்பில் அது காற்றோடு போயிருக்கும். சட்டமாக இருந்ததால் ஒரு வேராவது மண்ணில் நிலைத்தது. ஆள்வோரின் மனம் மாறும். எழுதப்பட்ட சட்டம் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. சட்டம் வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதற்காகவே.

இனி, எதிர்ப்போர் கூறும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: "பெண் இயல்பிலேயே அமைதியானவள், வீட்டில் அமைதி காப்பதே அவள் பணி, பொதுமேசைக்கு அவளை ஏன் இழுக்கிறீர்கள்?" இவ்வாதம் புகழ்ச்சியின் போர்வையில் வரும் விலங்கு. பெண் இயல்பிலேயே அமைதியானவள் என்று நாம் கூறவில்லை. பெண்களும் நாடாண்டு போர் தொடுத்திருக்கிறார்கள், துப்பாக்கி ஏந்தியிருக்கிறார்கள், சாதி வெறியைத் தாய்ப்பாலோடு ஊட்டியவர்களும் உண்டு. பெண்ணுக்கு இடம் கேட்பது அவள் தேவதை என்பதற்காக அன்று. அவள் குடிமகள் என்பதற்காக. மேசையில் அமரும் ஆணிடம் "நீ புனிதனா?" என்று நாம் கேட்பதில்லை. பெண்ணிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

இரண்டாவது: "பெண்கள் பங்கேற்றால் அமைதி நெடுநாள் நிலைக்கும் என்கிறார்களே, அது மெய்ப்பிக்கப்பட்டதா?" நிலைக்கும் என்று காட்டும் ஆய்வுகள் உள்ளன. ஆனால் உரிமையை இலாபக் கணக்கின்மேல் கட்டுவதற்கு நாம் உடன்படவில்லை. பயன் தந்தால் இடம் தருவோம், தராவிடில் எழுப்பிவிடுவோம் என்பது கூலியாளிடம் பேசும் பேச்சு. ஆண்கள் மட்டும் அமர்ந்து செய்த உடன்பாடுகள் எத்தனை முறிந்தன! அதற்காக ஆண்களை எவரும் மேசையிலிருந்து எழுப்பிவிட்டதுண்டா?

மூன்றாவது: "இது மேல்நாட்டுச் சரக்கு, நம் மண்ணுக்கு ஒவ்வாது." 1325-ஆம் தீர்மானத்தின் வேர் ஆப்பிரிக்க மண்ணில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் நமீபியாவின் தலைநகர் விண்டுக்கில் வெளியான அறிக்கையே அதற்கு வழிகோலியது. தீர்மானம் நிறைவேறிய மாதத்தில் பாதுகாப்பு அவைக்குத் தலைமை வகித்ததும் நமீபியாவே. லைபீரியாவை எண்ணிப் பாருங்கள். ஈராண்டு, மூன்றாண்டுப் போரா அது? 1989 இறுதியில் தொடங்கி, இடையில் சிறிது ஓய்ந்து, 2003 வரை அந்நாட்டைக் கருக்கிய உள்நாட்டுப் போர்களில் சுமார் 2,50,000 பேர் மாண்டனர். சிறுவர்கள் கையில் துப்பாக்கி திணிக்கப்பட்டது. அப்போது லேமா போவீ என்ற பெண்ணின் தலைமையில் கிறித்தவப் பெண்களும் இசுலாமியப் பெண்களும் வெள்ளாடை அணிந்து, தலைநகர் மன்றோவியாவில் மீன்சந்தை அருகே வெயிலிலும் மழையிலும் நாள்தோறும் அமர்ந்தனர். அதிபர் சார்லஸ் டெய்லர் செல்லும் வழி அது. அவர் இறுதியில் அப்பெண்களைச் சந்திக்க வேண்டியதாயிற்று. கானா நாட்டின் அக்ரா நகரில் பேச்சு தொடங்கி, வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனபோது, பெண்கள் அங்கும் சென்றனர். உடன்பாடு எட்டாமல் எவரும் வெளியேற முடியாது என்று மண்டபத்தின் வாசலில் கைகோத்து அமர்ந்தனர். உள்ளிருந்தோர் சொகுசு விடுதியில் பதவிகளைப் பங்கிட்டுக் கொண்டிருந்த நேரம் அது. வெளியே அமர்ந்திருந்தோர்க்குத் தங்கள் ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. 2003 ஆகஸ்டு 18 அன்று உடன்பாடு கையெழுத்தாயிற்று. 2005 தேர்தலில் எல்லன் ஜான்சன் சர்லீஃப் வென்று ஆப்பிரிக்காவில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அதிபரானார். 2011-இல் இவ்விருவருக்கும் அமைதிக்கான நொபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 2007-இல் ஐக்கிய நாடுகளின் அமைதிப் பணிக்காக லைபீரியா சென்ற, முழுவதும் பெண்களாலான முதல் காவல் பிரிவு பாரதத்தினுடையது. நூற்றுக்கும் மேற்பட்ட நம் பெண் காவலர் மன்றோவியாவின் தெருக்களில் காவல் புரிந்தனர். 2016 வரை அப்பணி தொடர்ந்தது. அயல்நாட்டு அமைதிக்கு நம் பெண்களை அனுப்பிப் பெருமை கொள்கிறோம். உள்நாட்டு அமைதிப் பேச்சில் அவர்களுக்கு நாற்காலி போட மட்டும் தயங்குகிறோம். நாகாலாந்தைப் பாருங்கள். 1984-இல் தோன்றிய நாகா அன்னையர் சங்கம், இனியும் இரத்தம் சிந்த வேண்டாம் என்று காடுகளுக்குள் நடந்து சென்று ஆயுதக் குழுக்களிடம் மன்றாடியது. ஆனால் 2015 ஆகஸ்டு 3 அன்று தில்லியில் கையெழுத்தான உடன்பாட்டில் எந்தப் பெண்ணின் கையொப்பமும் இல்லை. 1963-இல் உருவான அம்மாநிலத்தின் சட்டமன்றத்திற்கு முதன்முதலாகப் பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டதே 2023-இல்தான். மன்றாடுவதற்குத் தாய் வேண்டும். கையொப்பமிடத் தந்தை போதும் என்பதுதானே இதன் பொருள்?

நான்காவது: "சட்டத்தால் வருபவர்கள் பொம்மைகளாகத்தான் இருப்பார்கள்." 1992-ஆம் ஆண்டின் 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியபோதும் இதே ஏளனம் எழுந்தது. தலைவி நாற்காலியில், கணவன் அதிகாரத்தில் என்று நகைத்தார்கள். அது முற்றிலும் பொய்யும் அன்று. ஆனால் இருபதாண்டுகளுக்கும் மேலாக அந்த நாற்காலியில் பெண்கள் அமர்ந்து பழகிய பின்னரே, 2016-இல் தமிழகம் அப்பங்கைப் பாதியாக உயர்த்தியது. நீச்சல் கற்ற பின்பே நீரில் இறங்க வேண்டும் என்றால் எவரும் நீந்தப் போவதில்லை.

வட அயர்லாந்தில் 1996-இல் நடந்ததும் இதற்குச் சான்று. பேச்சில் பங்கேற்கும் கட்சிகளைத் தேர்தல் வழியே தேர்ந்தெடுக்கும் முறை வந்தபோது, கத்தோலிக்கரான மோனிகா மெக்வில்லியம்ஸும் புரோட்டஸ்டண்டான பேர்ள் சேகரும் பெண்கள் கூட்டணி ஒன்றைச் சில வாரங்களுக்குள் உருவாக்கினர். ஏறத்தாழ ஒரு விழுக்காட்டு வாக்கே கிடைத்தது. ஆயினும் தேர்தல் விதி பெற்ற வாக்குகளின் வரிசையில் முதல் பத்துக் கட்சிகளுக்கும் இடமளித்ததால், இருவரும் மேசைக்கு வந்தனர். வசைகள் பல கேட்டனர். ஆனால் 1998 ஏப்ரல் 10-ஆம் நாள், பெரிய வெள்ளியன்று கையெழுத்தான உடன்பாட்டில், கொல்லப்பட்டோர் குடும்பங்களின் துயரை ஏற்றுக்கொள்ளும் பகுதியும், இரு சமயப் பிள்ளைகளும் ஒன்றாகப் பயில்வதை ஊக்குவிக்கும் கருத்தும் இடம்பெற அவர்கள் உழைத்தனர். எல்லைக்கோட்டையும் ஆயுதக் கணக்கையும் பேசிக்கொண்டிருந்த மேசையில், பிள்ளைகள் எங்கே பயில்வார்கள் என்று கேட்க யாராவது வேண்டியிருந்தது. அவர்களை மேசைக்குக் கொணர்ந்தது எவருடைய பெருந்தன்மையும் அன்று, ஒரு விதியே.

கரைக்கு அப்பால் ஈழத்தின் அனுபவத்தையும் நாம் மறக்கலாகாது. 2002 போர்நிறுத்தத்திற்குப் பின், நார்வேயின் துணையோடு நடந்த பேச்சில், இரு தரப்புப் பெண்களும் கொண்ட துணைக்குழு ஒன்று அமைந்தது. 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடியது. பெரிய மேசைக்குப் பக்கத்தில் போடப்பட்ட சிறிய மேசை அது. ஏப்ரலில் பெரிய மேசை சாய்ந்தபோது, சிறிய மேசையும் சாய்ந்தது. பின்பு நேர்ந்தவற்றை நாம் அறிவோம். 2017 பிப்ரவரியில் அதே கிளிநொச்சியில் காணாமற்போன பிள்ளைகளின் படங்களை ஏந்தி அன்னையர் தெருவோரத்தில் அமர்ந்தனர். மேசையில் இடம் மறுக்கப்பட்டவர்க்குத் தெருவோரமே மிஞ்சுகிறது.

நம் திருச்சபை இப்பொருளில் ஊமையாக இருந்ததில்லை. பெண்கள் பொதுவாழ்வில் நுழைவதைக் காலத்தின் அறிகுறிகளுள் ஒன்றாக 1963-இலேயே எண்ணினார் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான், தம் 'அவனியில் அமைதி' சுற்றுமடலில். 1995 புத்தாண்டு நாளின் உலக அமைதிச் செய்தியைப் பெண்களுக்கென்றே வழங்கி, அவர்களை அமைதியின் ஆசிரியர்கள் என அழைத்தார் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். திருநூலிலும் சான்று உண்டு. சாமுவேலின் இரண்டாம் நூலில், யோவாபின் படை ஆபேல் நகரை முற்றுகையிட்டு மதிலை இடிக்கும்போது, மதில்மேல் நின்று படைத்தலைவனை அழைத்துப் பேசி, ஊரை அழிவினின்று காத்தவள் ஒரு பெண். அவள் பெயர்கூட நமக்குச் சொல்லப்படவில்லை. அவளை ஞானமுள்ளவள் என்று மட்டும் அறிகிறோம். அன்று அவ்வூரார் அவளைப் பேசவிட்டனர், அதனால் பிழைத்தனர்.

நாம் நம் பங்குகளில் பேசவிடுகிறோமா? அன்பியத்தில் செபமாலை சொல்பவர்கள் பெண்கள். திருவிழாவுக்கு வீடு வீடாக வரி பிரிப்பவர்களுள் பலர் பெண்கள். கோயிலைக் கூட்டி, பீடத்துக்குப் பூ வைப்பவர்கள் பெண்கள். ஆனால் தேர்ப்பவனி எந்தத் தெரு வழியே செல்வது, கல்லறையில் யாருக்கு எங்கே இடம் என்று சண்டை மூண்டு, ஆயர் இல்லத்திலிருந்தோ ஆட்சியர் அலுவலகத்திலிருந்தோ அழைப்பு வந்தால், வெள்ளை வேட்டிகள் மட்டுமே புறப்படுகின்றன. இரு தெருப் பெண்களும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஒரே வயலில் நாற்று நடுகிறார்கள். ஒரே மகப்பேறு மருத்துவமனையில் பிள்ளை பெறுகிறார்கள். எங்கே பகை புகைகிறது, எந்த இளைஞன் எதைத் திட்டமிடுகிறான் என்பதைக் காவல்துறைக்கு முன்பே அறிபவர்கள் அவர்கள். அந்த அறிவை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நாம் செய்யும் சமாதானம், அடுத்த திருவிழா வரைக்கும் தாங்குவதில்லை.

ஆகவே நாம் கேட்பது இவையே. நம் அரசு, 1325-ஆம் தீர்மானத்திற்கேற்பத் தேசியச் செயல்திட்டம் ஒன்றை வகுத்து, அதற்குச் சட்டத்தின் வலிமையைத் தர வேண்டும். கலவரத்திற்குப் பின் அரசு அலுவலகங்களில் கூட்டப்படும் ஒவ்வொரு அமைதிப் பேச்சிலும், இரு தரப்பிலும் பாதிப்பேர் பெண்களாக இருந்தாலன்றி அக்கூட்டம் செல்லாது என்று விதி செய்ய வேண்டும். அவர்கள் பேசியது பதிவேட்டில் ஏற வேண்டும்; உடன்பாட்டில் அவர்கள் கையொப்பம் இருக்க வேண்டும். சட்டம் வரும்வரை காத்திராமல், நம் பங்குப் பேரவைகள் இதே விதியை இன்றே தமக்கு இட்டுக்கொள்ள வேண்டும். இதற்குத் தில்லியின் அனுமதி தேவையில்லை. உரோமையின் அனுமதியும் தேவையில்லை. நம் மனம் இசைந்தால் போதும்.

அன்பர்களே, அடுத்த முறை உங்கள் ஊரில் அப்படியொரு தாள் கையொப்பத்திற்கு வரும்போது, எழுதுகோலை எடுக்குமுன் சுற்றிலும் ஒருமுறை பாருங்கள். அறையில் பெண்கள் இல்லையெனில் கையொப்பமிடாதீர்கள். எழுந்து சென்று, மரத்தடியில் காத்திருப்பவர்களை உள்ளே அழைத்து வாருங்கள். பேச்சு அதன்பின் தொடங்கட்டும்.